"டாக்டர், இது பத்தா நூறா?" – கருவிக்கு எழுதும் விளக்கத்தின் கதை

1/
இன்னைக்கு நோயைப் பற்றி எழுதப் போறதில்லை. எழுத்தைப் பற்றி. ஒரு கருவிக்கு எழுதும் நாலு வரி விளக்கம் உயிரைக் காப்பாற்றியதும் உண்டு, அது இல்லாமல் போய் உயிர் போனதும் உண்டு. அந்த வரலாறு இன்றைய ஏ.ஐ. ஏஜென்ட் வரைக்கும் வருது. நீளமான இழை. டீயோட உட்காருங்க.

2/
போன மாசம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு மருத்துவமனைக்கு ஏஜென்ட் ஒன்று தயாரிக்கிறார்களாம். லேப் ரிசல்ட் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட் போடுவது, டாக்டருக்குச் சுருக்கம் எழுதித் தருவது எல்லாம் அது செய்யணும்.

"மாமா, அது அடிக்கடி தப்பான டூலை எடுக்குது. சரியானதை எடுத்தாலும் தப்பா யூஸ் பண்ணுது. மாடலே சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றான்.

3/
தெரியாதவர்களுக்காக: சாட்பாட் பேசும். ஏஜென்ட் வேலை செய்யும். வேலை செய்ய அதற்குக் கருவிகள் தரணும். அதைத்தான் டூல் என்கிறார்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்கணும் என்ற பட்டியல்.

பொதுவாக டூலுக்கு உள்ளே இருக்கும் புரோகிராமை மாடல் பார்ப்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் படித்துவிட்டு எதை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று முடிவு செய்யும்.

4/
லேப்டாப்பைத் திறந்து காட்டினான். ஒரு டூலுக்கு எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி.

"நோயாளியின் சர்க்கரை அளவைத் தரும்."

அதைப் படிச்சதும் எனக்கு ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு.

5/
மெடிக்கல் வார்டு. நைட் ட்யூட்டி. மணி ரெண்டரை இருக்கும். ஒரு பாட்டிக்கு சர்க்கரை ஏறிக் கிடக்கு. கேஸ் ஷீட்டில் இன்சுலின் என்று எழுதி, 10 போட்டு, ஒட்டினாற்போல ஆங்கில 'யூ' எழுத்தையும் போட்டேன். யூனிட் என்பதற்கான சுருக்கம். சீனியர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

தூக்கக் கலக்கத்தில் அந்த 'யூ'வின் வாய் மூடிக்கொண்டது.

6/
பத்து நிமிஷத்தில் சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார்.

"டாக்டர், இது பத்தா நூறா?"

எனக்குக் கை கால் சில்லிட்டுப் போச்சு. நூறு யூனிட் போயிருந்தால் பாட்டி காலையில் கண் விழித்திருக்க மாட்டார். சிஸ்டர் திட்டவில்லை. "யூனிட்டுன்னு முழுசா எழுதுங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

7/
அன்றைக்குப் பாட்டியைக் காப்பாற்றியது என் எழுத்து இல்லை. சிஸ்டரின் கேள்வி.

இதை மனசுல வெச்சுக்கோங்க. மோசமான எழுத்து எத்தனையோ இடங்களில் தப்பித்துப் போவதற்குக் காரணம், படிப்பவர் திரும்பக் கேட்பதுதான். கேட்க வழியே இல்லாத ஆள் படிக்கும்போது அந்த எழுத்து எப்படி இருக்கணும்? இந்த இழை முழுக்க அதைப் பற்றித்தான்.

8/
1971-க்குப் போவோம். அமெரிக்கா, நியூ ஜெர்சி, மரே ஹில். பெல் லேப்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போன் வரைக்கும் அதன் வாரிசுகள்தான்.

இதுக்கு ஒழுங்கா ஒரு கையேடு எழுதுங்கப்பா என்று வற்புறுத்தியவர் அவர்கள் துறைத் தலைவர் டக் மெக்கில்ராய். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு முதல் பதிப்பு வந்தது.

9/
அந்தக் கையேட்டின் அமைப்பைப் பாருங்க. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். கட்டளையின் பெயர். அதை எப்படி அழைப்பது. என்ன செய்யும். எந்தக் கோப்புகளைத் தொடும். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்ற கட்டளைகள். தப்பு நடந்தால் என்ன செய்தி வரும். யார் பொறுப்பு.

இதெல்லாம் சரி. என்னை நிமிர வைத்தது இன்னொரு தலைப்பு: "பக்ஸ்".

10/
அதாவது, இந்தக் கருவி எங்கே சொதப்பும் என்று செய்தவரே ஒப்புக்கொண்டு எழுதும் இடம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பக்க விளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்குமே, அது மாதிரி. தன் கருவியின் குறையைத் தானே அச்சில் போடும் துணிச்சல் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கு.

11/
மெக்கில்ராய் பின்னாளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கு முன்னாலும் ஒரு பரபரப்பு இருக்குமாம். குறைகளை எழுத உட்கார்ந்தால், இதையெல்லாம் எப்படி அச்சில் போடுறது என்று கூச்சம் வந்துவிடும். உடனே போய் புரோகிராமையே திருத்திவிடுவார்கள். எளிதாக விளக்க முடியாத அம்சத்தை எடுத்தே விடுவார்கள்.

விளக்கம் எழுதுவது கருவியையே சரி செய்தது. இதுக்குக் கடைசியில் திரும்ப வர்றேன்.

12/
அவர்களுக்கு இருந்த வசதி ஒன்று உண்டு. அன்றைக்கு அந்தக் கையேட்டைப் படித்தவர்கள் அதே கட்டிடத்துக்காரர்கள். புரியவில்லை என்றால் பொறுப்பாளர் பெயரைப் பார்த்து, போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம். அப்படி இருந்தும் இவ்வளவு எழுதினார்கள்.

அடுத்த கதையில் தட்டுவதற்குக் கதவே கிடையாது.

13/
1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். ஒரு புற்றுநோய் மையம். கனடாவின் அணுசக்தி நிறுவனமான ஏ.இ.சி.எல். தயாரித்த தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம். கணினியால் இயங்குவது. முந்தைய மாடல்களில் ஆபத்தைத் தடுக்க வன்பொருள் பூட்டுகள் தனியாக இருந்தன. இதில் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியை சாஃப்ட்வேரிடம் விட்டுவிட்டார்கள்.

14/
அதில் இரண்டு வகை சிகிச்சை. ஒன்று எலக்ட்ரான், இன்னொன்று எக்ஸ்ரே. எக்ஸ்ரே முறையில் கற்றை பல மடங்கு வலுவாக வரும். குறுக்கே ஒரு உலோகத் தகடு நின்று அதைத் தாங்கும். அந்தத் தகடு இல்லாமல் அதே வலுவோடு கற்றை வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

15/
அன்றைக்கு ஆபரேட்டர் தவறுதலாக எக்ஸ்ரே என்று தட்டிவிட்டார். உடனே கவனித்து, எலக்ட்ரான் என்று மாற்றினார். அனுபவசாலி, கை வேகம். திருத்தம் சுமார் 8 நொடிக்குள் முடிந்துவிட்டது. இயந்திரம் காந்தங்களைச் சரி செய்துகொண்டிருந்த அந்த 8 நொடிக்குள் நடந்த திருத்தம் அதற்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. திரையில் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே எல்லாம் தப்பு.

16/
பட்டனை அழுத்தினார். இயந்திரம் நின்றது. திரையில் வந்த செய்தி: "மால்ஃபங்ஷன் 54".

அவ்வளவுதான். கோளாறு எண் 54. என்ன கோளாறு? ஆபத்தா, இல்லையா? நோயாளிக்குக் கதிர் போச்சா, போகலையா? எதுவும் இல்லை.

இயந்திரத்தோடு கொடுத்த இயக்கக் கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமே கிடையாது. பராமரிப்புக் கையேட்டில் எண்களின் பட்டியல் இருந்தது, பொருள் இல்லை.

17/
திரையில் இன்னொன்றும் தெரிந்தது: 202 அலகு போக வேண்டிய இடத்தில் 6 அலகுதான் போயிருக்கிறது என்று. குறைவாகப் போயிருக்கு, மீதியைக் கொடுப்போம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? தொடர்வதற்கான 'பி' விசையை அழுத்தினார்.

அன்று அறைக்குள் இருந்த கேமராவின் இணைப்பு எடுக்கப்பட்டிருந்தது. இன்டர்காமும் வேலை செய்யவில்லை. உள்ளே நோயாளி வலியில் எழ முயன்றது அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது அடியும் விழுந்தது.

18/
கொடுக்க வேண்டியது 180 ரேட். போனது 16,500 முதல் 25,000 ரேட் வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

மூணு வாரம் கழித்து, ஏப்ரல் 11. அதே ஊர், அதே ஆபரேட்டர், அதே 54. இன்னொரு நோயாளி. இரண்டு பேரும் அந்த ஆண்டுக்குள்ளேயே இறந்தார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் இந்த இயந்திரத்தில் பதிவான விபத்துகள் மொத்தம் ஆறு.

19/
ஆபரேட்டரைக் குறை சொல்வது சுலபம். ஆனா நடைமுறையைப் பாருங்க. இன்னொரு மையத்தில் சில நாட்களில் நாற்பது முறை வரைக்கும் இப்படிக் கோளாறுச் செய்தி வந்திருக்கிறது. வரும், 'பி' அழுத்துவார்கள், ஓடும். எல்லாக் கோளாறும் ஒரே மாதிரி எண். உயிரை எடுக்கும் கோளாறுக்கும் சும்மா முனகும் கோளாறுக்கும் பார்வையில் வித்தியாசமே கிடையாது.

ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர்களுக்கு இது நல்லாவே புரியும். நாள் முழுக்க அடிக்கிற அலாரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

20/
பழியை முழுசா அந்த 54 மேலே போடுவதும் நியாயம் இல்லை. சாஃப்ட்வேர் பிழை இருந்தது. வன்பொருள் பூட்டை எடுத்தது தவறு. முந்தைய புகார்களைத் தயாரிப்பாளர் எடுத்துக்கொண்ட விதமும் தவறு. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இன்றும் பாடமாக நடக்கிறது.

ஆனா "போன அளவு தெரியவில்லை, நோயாளியைப் போய்ப் பார், தொடராதே" என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால், இரண்டாவது அடியாவது விழாமல் போயிருக்கலாம்.

21/
மருத்துவம் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படித்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் "இதையெல்லாம் எழுதாதீர்கள்" என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் நான் அன்றைக்குப் போட்ட 'யூ' இருக்கிறது. பூஜ்யமாகப் படிக்கப்படுகிறது, முழுசாக எழுதுங்கள் என்று.

ஒரு சிஸ்டர் வார்டு வாசலில் சொன்னது, ஒரு நாட்டின் விதியாகவும் இருந்திருக்கு.

22/
நம்ம ஊர் உதாரணம் ஒன்று. இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 1 மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால், கோடு சரியாகத்தான் காட்டும். உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு.

எண் மட்டும் போதாது. எந்த அளவையில் என்பதும் சேர்ந்தால்தான் அது தகவல்.

23/
எழுதினால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. வின்கிறிஸ்டின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. ரத்தக் குழாயில் மட்டும்தான் போடணும். தண்டுவடத் திரவத்துக்குள் போனால் அநேகமாக மரணம். லேபிளில் எச்சரிக்கை இருந்தது. ஆனாலும் தண்டுவடத்தில் போட வேண்டிய இன்னொரு மருந்தும் அதே மாதிரி சிரிஞ்சில் வரும். கை மாறும். பல நாடுகளில் பலர் இறந்தார்கள்.

24/
2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: இதை சிரிஞ்சிலேயே தராதீர்கள், சிறிய பையில் கலந்து சொட்டாக ஏற்றுங்கள். பையை யாரும் முதுகில் குத்த மாட்டார்கள்.

அதாவது "இப்படிச் செய்யாதே" என்று எழுதுவது முதல் படி. செய்யவே முடியாதபடி கருவியின் வடிவத்தை மாற்றுவது அடுத்த படி. இரண்டும் வேணும்.

25/
இப்போ ஏ.ஐ. கதைக்கு வருவோம். 2022 அக்டோபரில் பிரின்ஸ்டன், கூகுள் ஆய்வாளர்கள் ரியாக்ட் என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். மொழி மாடல் யோசிக்கும், ஒரு கருவியை அழைக்கும், வந்த பதிலைப் பார்த்து மறுபடி யோசிக்கும். 2023 பிப்ரவரியில் மெட்டாவின் டூல்ஃபார்மர்: கால்குலேட்டர், தேடல், காலண்டர் மாதிரி கருவிகளை எப்போது அழைப்பது என்று மாடலே கற்றுக்கொண்டது.

26/
2023 மார்ச். ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடிக்குப் பிளக்இன் வசதி கொண்டு வந்தது. பிளக்இன் செய்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் விளக்கத்துக்கு இரண்டு தனித்தனி இடம் இருந்தது. ஒன்று மனிதருக்கான விளக்கம். இன்னொன்று மாடலுக்கான விளக்கம்.

என்னைப் பொறுத்தவரை இது ஒரு மைல்கல். 1971-ல் படிப்பவர் பக்கத்து அறைக்காரர். 1986-ல் தனியாக உட்கார்ந்திருந்த ஆபரேட்டர். 2023-ல் படிப்பவர் மனிதரே இல்லை.

27/
அதே ஆண்டு ஜூனில் ஃபங்ஷன் காலிங் வந்தது: பெயர், விளக்கம், விவரப் பட்டியல் என்ற வடிவம் பரவலானது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. யாரோ ஒருவர் எழுதிய டூலை வேறு யாரோ ஒருவரின் ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கவனிங்க. எழுதியவருக்குப் படிப்பவர் யாரென்றே தெரியாது. படிப்பவர் எழுதியவரின் கதவைத் தட்ட முடியாது.

28/
ஏஜென்டும் சிஸ்டரும் வேறுபடும் இடம் இதுதான். தெளிவில்லாத வரியைப் பார்த்தால் நல்ல சிஸ்டர் நின்று கேட்பார். ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தனக்குப் பொருத்தமாகத் தோன்றியதை நிரப்பிக்கொண்டு நடந்துவிடும். அதுவும் தயக்கமே இல்லாத குரலில் பதில் சொல்லும்.

அப்போ சிஸ்டர் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கெல்லாம் பதில் முன்கூட்டியே லேபிளில் இருக்கணும்.

29/
இதைச் செய்து பார்த்தவர்கள் கதை சிலவற்றைச் சொல்றேன். 2024-ல் பிரின்ஸ்டன் குழு எஸ்.டபிள்யூ.இ. ஏஜென்ட் என்று ஒன்றை உருவாக்கியது. புரோகிராம் பிழைகளைத் தானே திருத்தும் ஏஜென்ட். மாடலை மாற்றாமல், அது பயன்படுத்தும் கருவிகளை அதற்கேற்ப வடிவமைத்தாலே நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

30/
அதில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம். சில கட்டளைகள் வெற்றிகரமாக முடிந்தால் எந்தப் பதிலும் தராது. வெறும் மௌனம். மனிதருக்கு அது பழக்கம். மாடலுக்குக் குழப்பம். எனவே, கட்டளை சரியாக முடிந்தது, காட்டுவதற்கு வெளியீடு எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

54-ஐ நினைச்சுப் பாருங்க. "என்ன நடந்தது" என்று சொல்லும் ஒரு வரி.

31/
2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம். அவர்கள் ஏஜென்ட் கோப்பின் முகவரியைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வேறு ஃபோல்டருக்குள் போன பிறகு, "இங்கிருந்து இத்தனாவது" என்ற மாதிரியான முகவரி குழம்பிவிடும். டூலையே மாற்றி, எப்போதும் முழு முகவரிதான் கொடுக்கணும் என்று வைத்தார்கள். பிழை நின்றது.

வின்கிறிஸ்டினைப் பைக்குள் போட்டது மாதிரிதான்.

32/
அதே நிறுவனம் 2025 செப்டம்பரில் சொன்ன இன்னொன்று. இணையத் தேடல் டூலைக் கொடுத்தபோது, மாடல் தேவையே இல்லாமல் தேடும் சொற்களோடு 2025 என்று சேர்த்துக்கொண்டே இருந்ததாம். முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சரி செய்தது எதை? டூலின் விளக்கத்தை.

33/
லேபிளை நம்புவதில் ஆபத்தும் உண்டு. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு காட்டியது: கெட்ட எண்ணம் உள்ளவர் டூலின் விளக்கத்துக்குள்ளேயே, மாடலுக்கு மட்டும் கண்ணில் படும்படி, ரகசியக் கட்டளைகளை ஒளித்து வைக்கலாம். கால்குலேட்டர் என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே, அந்தக் கோப்பைப் படித்து எனக்கு அனுப்பு என்று இருக்கும்.

போலி மருந்துக்கு அசல் லேபிள். யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்காமல் லேபிளை மட்டும் நம்பக் கூடாது.

34/
சரி, அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் சிஸ்டர் வேலை பார்த்தேன்.

"மாப்ள, எந்த சர்க்கரை? வெறும் வயித்துலயா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சா, இல்ல மூணு மாச சராசரியா?"
"எல்லாம் வரும் மாமா."
"எந்த அளவையில?"
"லேப் எப்படித் தருதோ அப்படி."

35/
இந்தியாவில் மி.கி./டெ.லி. இங்கிலாந்தில் மி.மோல்/லி. ஒன்றுக்கொன்று 18 மடங்கு. அங்கே 5.5 என்றால் நம்ம கணக்கில் 99, நார்மல். அளவை இல்லாமல் 5.5 என்று மட்டும் வந்தால், நம்ம ஊர் ஆள் உயிர் போற நிலையில் இருக்கார்னு அர்த்தம். வெளிநாட்டிலிருந்து ரிப்போர்ட்டோடு வரும் உறவுக்காரர்கள் இல்லாத குடும்பம் எது?

36/
"சரி, ரிசல்ட்டே இல்லைன்னா என்ன வரும்?"
"ஜீரோ மாமா."

ஜீரோ! டெஸ்டிங்கில் பார்த்தால், அந்த ஜீரோவையும் ஒரு ரீடிங்காக எடுத்துக்கொண்டு ஏஜென்ட் சராசரி போட்டிருக்கு. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சுருக்கமும் எழுதியிருக்கு. நல்லவேளை, நிஜ நோயாளி இல்லை.

மாடல் தப்பு பண்ணலடா, நீ எழுதினதை நம்பிடுச்சு என்றேன். பாதி உண்மைதான். மாடலும் சந்தேகப்பட்டிருக்கணும். ஆனா நம்ம கையில் இருப்பது எழுத்துதான்.

37/
ரெண்டு பேரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"ஒரு நோயாளியின் ரத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவுகளை லேப் பதிவிலிருந்து எடுத்துத் தரும். படிக்க மட்டும், புது டெஸ்ட் எழுதாது, எதையும் மாற்றாது. மருத்துவமனைப் பதிவு எண் கட்டாயம். பெயரை வைத்துத் தேடாதே. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பதிவு எண் தெரியாவிட்டால் பயனரிடம் கேள்."

38/
"கடைசி 30 நாள் முடிவுகள், புதியது முதலில் வரும். ஒவ்வொன்றிலும் வகை (வெறும் வயிறு, சாப்பிட்ட பின், ரேண்டம்), எடுத்த தேதி, நேரம், அளவு இருக்கும். அளவு எப்போதும் மி.கி./டெ.லி. மூன்று மாத சராசரி வேண்டுமென்றால் இது இல்லை, ஹெச்.பி.ஏ.1.சி. டூலைப் பயன்படுத்து. பதிவு எதுவும் இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று வரும். அதன் பொருள் நார்மல் என்பது அல்ல; டெஸ்ட் எடுக்கப்படவில்லை, அல்லது இன்னும் வரவில்லை."

39/
விளக்கத்தை மட்டும் மாற்றினால் அது பொய்யாகிவிடும். எனவே புரோகிராமையும் மாற்ற வைத்தேன். ஜீரோவைத் தூக்கியாச்சு. எந்த லேபிலிருந்து வந்தாலும் மி.கி.க்கு மாற்றித்தான் வெளியே விடும்.

விளக்கம் ஒன்று சொல்லி, டூல் வேறொன்று செய்தால் அது விளக்கமே இல்லாததை விட மோசம்.

40/
அப்போ ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதிடலாமா? வேண்டாம். இந்த விளக்கங்கள் எல்லாம் மாடல் படிக்கும் இடத்தைத்தான் அடைத்துக்கொள்கின்றன. ஐம்பது டூல் இருந்தால் ஐம்பது லேபிளும் கண் முன்னால் இருக்கும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? தப்பு நடக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் வரி செலவழிக்கணும்.

41/
ரெண்டு வாரம் கழித்துப் போன் பண்ணினான். "மாமா, தப்பு குறைஞ்சிருக்கு. முழுசா நிக்கல. ஆனா இன்னொரு காமெடி. நோயாளி விவரம்னு ஒரு டூல், நோயாளி சுருக்கம்னு ஒரு டூல். எதை எப்போ எடுக்கணும்னு எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு, வித்தியாசமே எழுத வரல. ஒண்ணைத் தூக்கிட்டேன்."

1971-ல் மரே ஹில்லில் நடந்தது இதுதான். எழுதக் கூச்சமாக இருந்தது, கருவி திருந்தியது.

42/
டூல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள். ரிலீஸுக்கு முன்னால் அந்த விளக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, உங்கள் புராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருத்தர் கையில் கொடுங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறிச்சுக்கோங்க. பதிலை விளக்கத்துக்குள் சேருங்க. எங்கே சொதப்பும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்க.

மருத்துவமனைக்கு டூல் செய்பவராக இருந்தால், அந்த ஒருத்தர் ஒரு சீனியர் சிஸ்டராக இருக்கட்டும்.

43/
எங்க சிஸ்டர் எப்பவோ ரிட்டயர் ஆகிவிட்டார். அந்தப் பாட்டி மூணு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போனார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் இன்றைக்கும் யூனிட் என்று முழுசாகத்தான் எழுதுறேன்.

உங்க வேலையில் இப்படி "பத்தா நூறா" கேட்டுக் காப்பாற்றியவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்க.